நாற்பத்தொரு நாரைகள்

தொலைநோக்கியில் வைத்த கண்ணை எண்ணிக் குறித்து முடிக்கும்வரை எடுக்கக் கூடாது. எடுத்தால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். எஸ்தர் குளத்து நாரைகளை எண்ணிச் சொல்ல, பின்னால் புங்கமர நிழலில் உட்கார்ந்து கணவன் தவசீலன் குறித்துக்கொள்வான். பதினோரு கோடையாக அப்படித்தான். இந்தச் சித்திரையில் குளம் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சமிருந்தது. மீன்கள் மூச்சுக்குத் தவித்து மேலே வந்து வாயைப் பிளந்தன. நாரைகளோ ஒன்றுகூடத் தண்ணீரில் கால் வைக்காமல், சுற்றிலும் காய்ந்த சேற்றிலேயே நின்றன. "நாப்பத்தொண்ணு. எழுதிட்டீங்களா?" அந்நேரம் அத்தனை அலகுகளும் ஒன்றாகத் தண்ணீரின் இடது ஓரத்தை நோக்கித் திரும்பின. எண்ணிக்கை போனால் போகிறதென்று அவளும் தொலைநோக்கியை அங்கே திருப்பினாள். நிழலில் இருக்க வேண்டிய தவசீலன் முழங்கால் தண்ணீரில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தான். "எஸ்தரு, தண்ணி ஐஸ் மாதிரி கெடக்கு, வா!" உச்சி வெயிலில் இத்தனூண்டு தண்ணீர் கொதித்துக் கிடக்க வேண்டாமா? "மேல ஏறி வாங்க!" என்று கத்தினாள். அவன் சிரித்தபடியே குனிந்து இன்னொரு கை அள்ளினான். நாற்பத்தொரு நாரைகளும் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் எடுத்து வைத்தன.