எண் பொருத்தம்

அறுபத்தொரு மணி நேரம் ஓடிய ஆய்வகக் கணினி இன்று காலைதான் நின்றது. விடையைப் பார்த்த நிறைமதி, யாரிடமும் சொல்லாமல், பெண் பார்க்க வந்தவர்கள் முன் உட்கார்ந்தாள்.

பிறந்ததும் எல்லோருக்கும் ஓர் எண் தருவார்கள். பகா எண் என்று சொல்லி அவளுக்குத் தந்த நானூறு இலக்க எண்ணுக்கும் மாப்பிள்ளையின் எண்ணுக்கும் இரண்டே வித்தியாசம்.

“இரட்டைப் பகா எண்! கோடியில ஒரு பொருத்தம்,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “ஆனா ஆய்வக வேலை வேண்டாம். கணக்குப் போடணும்னா எங்க வீட்டுல பாத்திரம் நிறைய இருக்கு, எண்ணட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நிறைமதி ஆய்வக வேலையை விடுவதாக இல்லை.

“சரின்னு சொல்லிடும்மா,” அப்பா காதருகே சொன்னார். “வகுபடுற எண்ணு உள்ள பொண்ணை எவனும் கட்ட மாட்டான். நீ குடுத்து வச்சவ.”

அவள் நிமிர்ந்து மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள்.

“என்னோடது பகா எண் இல்லைங்க அத்தை. நானே வகுத்துப் பார்த்துட்டேன். மீதி வரல.”