தாழ்ந்திருந்த இடப்பக்கம்

காரின் பின்னால் இழுத்துப்போகும், படுக்கை வசதியுள்ள புது ட்ரெய்லர் வாங்கினால் முதலில் வீட்டு வாசலிலேயே நிறுத்தி, உள்ளே படுத்துப் பார்ப்பது அந்த ஊர் வழக்கம். லோவலும் மனைவி மார்லிஸும் சேர்ந்து சொல்லிவைத்த வண்டி. அது வந்து சேர்வதற்குள் அவள் இறந்துபோனாள்.

கட்டில் பலகையில், சாய்வு காட்டும் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார் லோவல். இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. அந்தப் பக்கச் சக்கரத்தடியில் மூன்று கட்டை கொடுத்தும் ரசமட்டத்தின் குமிழி நடுவுக்கு வரவில்லை.

"ஒத்தை ஆளுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய கட்டில்? வித்துத் தொலை," என்றார் பக்கத்து வீட்டு டுவேன்.

"என் குறட்டைக்கே இடம் பத்தலடா!"

டுவேன் சிரித்துக்கொண்டே போனார். அலுத்துப்போன லோவல், நாற்பது வருஷப் பழக்கத்தில், இடப்பக்கத்தை மார்லிஸுக்கு விட்டுக் கட்டிலின் வலப்பக்கத்தில் படுத்தார்.

குமிழி மெல்ல நகர்ந்து நடுவில் நின்றது.

லோவல் போர்வையில் தன் பாதியை மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.