வாரினைக் கூட்டிப்போக

குதிரையை விட்டு இறங்கிய ஹவீஸ் சீமாட்டி வேறு எதையும் பார்க்கவில்லை. அடுப்போரம் உட்கார்ந்து ஓட்ஸ் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த சின்னவனை அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள்.

"எங்கப்பாவோட மோவாய்," என்றாள். கூட வந்த பணிப்பெண்களும் ஆமாம் போட்டார்கள்.

கோட்டையில் பிறந்த மூன்று பிள்ளைகளை ஒவ்வொன்றாய் மண்ணுக்குக் கொடுத்தவள் அவள். நாலாவதாவது தங்கட்டும் என்றுதான் பிறந்த கையோடு இந்தக் குடியானவன் வீட்டில் பால்குடிக்க விட்டுவிட்டு, கணவனோடு பிரான்சுக்குப் போனாள். இரண்டு வருஷம் கழித்து டோவர் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கியவள், கோட்டைக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கிறாள்.

"வாரின்," என்று ஆசையாகக் கூப்பிட்டாள். சின்னவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். புது முகம், கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டு, தேனில் ஊறிய பாதாமை அவன் வாயில் வைத்தாள். அதற்கப்புறம் அவன் அவள் மடியை விட்டு இறங்கவில்லை.

பால் கொடுத்து வளர்த்த குன்னில்டா சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். இவளுக்கும் இதே வயதில் ஒரு மகன் உண்டே என்று சீமாட்டிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவன் எங்கே என்று கேட்டாள்.

குன்னில்டா வாய் திறப்பதற்குள் அவள் புருஷன் ஆஸ்பெர்ட் முந்திக்கொண்டான். ஈஸ்டர் முடிந்ததும் ஊரெல்லாம் காய்ச்சல் என்றும், பிள்ளைகள் இரண்டும் ஒரே வைக்கோல் படுக்கையில் கிடந்தன என்றும் சொன்னான்.

"ஒண்ணுதாம்மா பொழச்சுது," என்றவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சீமாட்டி சின்னவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு குன்னில்டாவிடம் போனாள். தன் சட்டைக் கையாலேயே அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"மூணு பேரைப் புதைச்சவ நான். உன் வயிறு எப்படிப் பத்தி எரியும்னு எனக்குத் தெரியும். அந்த வேதனையிலும் என் பிள்ளையைக் காப்பாத்திக் குடுத்திருக்கே. நீயும் கோட்டைக்கு வந்துடு. காலம் பூரா இவன் கூடவே இரு."

ஆஸ்பெர்ட் மனைவியை முறைத்தான். பெரிய இடத்து மனுஷி முன்னால் இப்படி அழுகிறாளே என்ற கோபம் போலிருக்கிறது என்று சீமாட்டி எண்ணிக்கொண்டாள். சின்னவனின் தொப்பியை எடுத்து வரச் சொன்னாள்.

குன்னில்டா அப்படியே சரிந்து அவள் கால்களைக் கட்டிக்கொண்டாள்.

"போனது உங்க பிள்ளைம்மா."