நயமான குரல்

ஜெபராணி டீச்சர் என்ன பேசினாலும், கழுத்தில் கட்டியிருந்த பட்டை அதை லண்டன் சீமாட்டியின் இங்கிலீஷாக மாற்றிப் பிள்ளைகளின் காதுக்கருவிக்கு அனுப்பிவிடும். வேறு சத்தம் எதுவும் அவர்கள் காதில் விழாது. அதற்காகவே அந்தப் பள்ளியில் இடம் பிடிக்கப் பெற்றோர் அடித்துக்கொண்டார்கள்.

பள்ளி மாடிக் கைப்பிடிச் சுவரில் மாணவி அபர்ணிகா ஏறி நின்றதைப் பார்த்ததும் ஜெபராணி தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஏட்டி, எறங்குட்டி! விழுந்துருவ!"

அபர்ணிகா சிரித்தபடி கையசைத்தாள். பிறகு விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில், காலில் மாவுக்கட்டோடு கிடந்த மகளைக் காட்டித் தாய் கொதித்தாள். "நீங்க ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா டீச்சர்?"

பள்ளித் தாளாளர் பதிவைப் போட்டுக் காட்டினார். "கண்ணே, கொஞ்சம் இறங்கி வருகிறாயா?" என்று இங்கிலீஷில் தேனாகக் குழைந்தது குரல்.

"பாருங்கம்மா, எவ்வளவு நயமா கூப்பிட்டிருக்காங்க!"

ஜெபராணி கழுத்துப்பட்டையைப் பிய்த்து அவர் முகத்திலேயே எறிந்தாள்.

"பிள்ள விழப் போவையில நயம் என்னய்யா நயம்? நான் ஏசுனது எங்கய்யா போச்சு?"

காதுக்கருவி இல்லாமல் கிடந்த அபர்ணிகா மிரண்டுபோய் அவளைப் பார்த்தாள்.

"இப்பிடி ஏசியிருந்தா அப்பவே எறங்கியிருப்பேனே, மிஸ்."