தணிகா செய்யும் கரண்டு

வடக்கே அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் தணிகாசலம், 1978 பொங்கலுக்கு ஒரகடம் பக்கத்திலிருந்த சொந்த ஊருக்கு வந்திருந்தான். சோற்றைப் போட்டதும் அம்மா மீனம்மாள் ஆரம்பித்தாள்.

“உன் கரண்டு எப்படா வரும்? உங்கப்பாவால இனிமே ஏத்தம் மிதிக்க முடியாது. மோட்டாரு போட்டாத்தான் பயிரு.”

“நாளாவும்மா.”

“அணுவோட அணுவ ஒட்டவச்சி, சூரியன்ல எரியிற நெருப்ப இங்கியே மூட்டி கரண்டு எடுப்போம்னு போன பொங்கலுக்குத் தெருவுக்கே சொன்னியே?”

“மூட்டுனா கண்ணு சிமிட்டறதுக்குள்ள அணைஞ்சிடுதும்மா. அது நின்னு எரிஞ்சாத்தான் சூட்டப் புடிச்சி கரண்டா மாத்த முடியும். என் பேரப்புள்ளைங்க காலத்துல வரலாம்.”

“வெளையாடாதடா.”

“நெசம்மா. உனக்கு இன்னா, கரண்டு ஆபீசுல கேட்டா கம்பம் நட்டுட்டுப் போறான்.”

“நட வந்தாங்கடா. ஆவணியில வண்டி நெறைய கம்பத்தோட வந்தாங்க. ‘எம்புள்ளயே கரண்டு செய்யிறான், உங்குளுது எதுக்கு’ன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். எம்பேச்சக் கேட்டு தெருவே வேணாம்னுடுச்சி. அத்தினி கம்பமும் பக்கத்து ஊரு பென்னலூருக்குப் போயிடுச்சி.”

தணிகாசலம் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

“கையக் கழுவிட்டு வெளிய போயிடாத” என்றாள் மீனம்மாள். “நீ வந்தது தெரிஞ்சி, கரண்டு எப்ப வரும்னு கேக்க எல்லாரும் வாசல்ல வந்து உக்காந்துகினு கீறாங்க.”