வெள்ளம் நீங்கலாக

"தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு அங்கிள்?"

தனக்கோடி எழுந்து போய்ச் சுவரில் கையை வைத்தார். இடுப்பு உயரம். அதற்குக் கீழே சுவர் ஒரு நிறம், மேலே ஒரு நிறம். இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் அந்தக் கோடு மறையவில்லை.

இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வீட்டைப் பார்க்க வந்திருந்த கிரண், டேப்பை வைத்து அளந்து எழுதிக்கொண்டான்.

"வீடு யார் பேர்ல?"

"அம்மா பேர்ல இருந்துச்சு. ஜெயலட்சுமி. இப்போ அப்பா பேருக்கு மாத்திட்டோம்" என்றாள் வைஷ்ணவி. தனக்கோடிக்கு அவள் ஒரே மகள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஃப்ரிட்ஜையும் சேர்க்கவா?"

நாலு செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்த ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வேணாம். அதுல துணிதான் வெச்சிருக்கோம். போன வருஷம் மத்தியானம் திடீர்னு தண்ணி ஏறிடுச்சு. நானும் அப்பாவும் வேலைக்குப் போயிட்டோம். அம்மா ஒண்டியா இதோட ஒயரைப் பிடுங்கப் போய்..."

கிரண் பேனாவை மூடினான்.

"மேடம், உள்ளதைச் சொல்லிடறேன். தீ, திருட்டு எல்லாத்துக்கும் பாலிசி கிடைக்கும். வெள்ளத்துக்கு மட்டும் கொடுக்க மாட்டாங்க."

"நல்லா இருக்கே! எங்க வீட்டுக்கு வெள்ளத்தைத் தவிர யாரு வர்றாங்க? திருடன் வந்தா அவனே ஏதாச்சும் வெச்சிட்டுப் போவான். தீப்பிடிக்கணும்னா முதல்ல இந்தச் சுவர் காயணும்."

கிரணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டான்.

"நானும் இதே ஈஜிபுரா ஏரியா பையன்தான் மேடம். தெரியாதா? பின்னாடி அபார்ட்மெண்ட்ல பார்க்கிங் இருக்கு இல்ல, அதுக்கு அடியிலதான் மழைத்தண்ணி ஓடற ராஜகாலுவே போகுது. அவ்ளோ பெரிய கால்வாயைச் சுருக்கி, ரெண்டு பைப்பைப் போட்டு, மேல ஸ்லாப் போட்டு மூடிட்டாங்க. மழைத்தண்ணி எங்க போகும்? உங்க சந்துக்குத்தான் திரும்பும். அந்த ஸ்லாப்பை உடைச்சா கம்பெனி யோசிக்காம பாலிசி கொடுக்கும்."

"எத்தனை கம்ப்ளெயிண்ட் கொடுத்தோம்! 'நான் இடத்தை வாங்கறப்பவே அப்படித்தான் இருந்துச்சு'ன்னு அந்த அபார்ட்மெண்ட் பில்டர் சாதிக்கிறான்."

"அதுக்குத்தான் சாட்சி வேணும். அன்னிக்குக் கான்கிரீட் போட்ட ஆளுங்கள்ல ஒருத்தர், 'இவர் சொல்லித்தான் போட்டோம்'னு எழுதிக் கொடுத்தாக்கூடப் போதும்."

"அவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்றாள் வைஷ்ணவி. "எழுதி வாங்கறது அப்புறம். முதல்ல செருப்பு."

"பாவம் மேடம், கூலி ஆளு. சொன்னதைச் செஞ்சிருப்பான்."

"கூலி வாங்கினா கண்ணு அவிஞ்சு போயிடுமா? கீழ தண்ணி ஓடறது தெரியாது? எங்கம்மாவைக் கொன்ன கை சார் அது."

டீ ஆறிக்கொண்டிருந்தது. தனக்கோடி டம்ளரை கிரண் பக்கம் நகர்த்தி வைத்தார்.

கிரண் ஒரு வாய் குடித்துவிட்டு போனை எடுத்தான். "ஒரு விஷயம் இருக்கு. காலையில வாட்ச்மேனைச் சரிக்கட்டி, காருக்கு அடியில படுத்து போட்டோ எடுத்தேன். ஸ்லாப் ஓரத்துல யாரோ ஏதோ கீறி வெச்சிருக்காங்க. தமிழ்னு நினைக்கிறேன். எனக்குப் பேச வரும், படிக்க வராது. நீங்க பாருங்க."

"எனக்கும் வராது சார். நான் கன்னட மீடியம்." வைஷ்ணவி அந்தப் படத்தைத் தன் போனில் வாங்கி, மொழிபெயர்க்கிற ஆப்பில் காட்டிப் பார்த்தாள். அது என்னவோ உளறியது. "அப்பா படிப்பாரு! முப்பத்தெட்டு வயசுல அம்மாதான் அவருக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தாங்க. இப்போ தினத்துக்கும் ஒரு பேப்பர் விடாம படிப்பாரு. அப்பா, பாருப்பா. மேஸ்திரி பேரா? கம்பெனி பேரா?"

தனக்கோடி கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு போனை வாங்கினார்.

பாசி பிடித்த சிமெண்டில் கோணல்மாணலாக ஒரு வரிசை எழுத்து. நடுவில் ஓர் எழுத்துக்கு மேலே சின்னதாக ஒரு குழி.

"அந்தக் குழி என்ன அங்கிள்? யாரோ விரல் வெச்சு அழுத்தின மாதிரி இருக்கு" என்றான் கிரண்.

தனக்கோடியின் கட்டைவிரல் அந்தக் குழியின் மேல் போய் நின்றது. எடுக்க மனசில்லாததுபோல அங்கேயே இருந்தது. வெளியே ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே சந்துக்குள் நுழைந்து, திரும்ப வழியில்லாமல் பின்னாலேயே போனது.

"என்னப்பா? சொல்லு."

"அழிஞ்சிருக்கும்மா" என்றார். "படிக்க வரலை."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒண்ணுகூட வரலை."

வைஷ்ணவி பொத்தென்று உட்கார்ந்தாள். கிரண் பெருமூச்சு விட்டு, விண்ணப்பத்தில் 'வெள்ளம் நீங்கலாக' என்ற கட்டத்தில் டிக் அடித்து நீட்டினான். காட்டிய இடத்தில் தனக்கோடி ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரே ஒரு நாள் கூலிக்கு அந்தக் கால்வாயை மூடிக் கான்கிரீட் போட்ட மத்தியானம், காயாத சிமெண்டில் ஆணியால் அவர் எழுதிப் பார்த்த முதல் சொல், 'ஜெயலட்சுமி'. அவர் வைக்க மறந்த புள்ளியை, சாப்பாடு கொண்டுவந்தவள் சிரித்துக்கொண்டே குனிந்து, தன் விரலால் வைத்துவிட்டுப் போனாள்.