இரண்டாவது லைன்

"வாயைப் பொளந்தபடி நிக்க வச்சிட்டானுவ, ஜெஸி! ஒரு குழுத் தலைவனை! இண்ணைக்கு அது நடக்காது, பாத்துக்கோ!"

சுந்தரதாஸ் அட்டைப் பெட்டியை உடைத்துப் புது மோடத்தை வெளியே எடுத்தார். போன மாத ஆன்லைன் கூட்டத்தில் அவர் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது நெட் திணறியது. குரல் ஓடிக்கொண்டே இருக்க, படம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. பிளந்த வாய், பாதி மூடிய கண். அந்தப் படம் உதியன்குளங்கரை முழுக்க போன் போனாகச் சுற்றி வந்தது.

அதற்காகத்தான் நெட் வேலை பார்க்கும் சஜுவை வரவழைத்திருந்தார்.

"வீட்டுல பழைய போன் லைன் ரெண்டு உண்டுல்லா சாரே? ரெண்டு கம்பியையும் இந்த மோடம் ஒண்ணாச் சேக்கும். ஸ்பீடு டபுளாவும்" என்றபடி சஜு முதல் கம்பியைச் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது. "ஒண்ணு வந்தாச்சு."

ஜெஸிக்கு அதில் மகிழ்ச்சி ஒன்றும் இல்லை. அவள் கணவர் தலைவராக இருப்பது இரட்டை ரேஷன் ஒழிப்புக் குழுவில். கேரளத்தில் ஒரு கார்டு, தமிழ்நாட்டில் ஒரு கார்டு என்று இரண்டு பக்கமும் வாங்குகிறவர்களைப் பிடித்துக் கொடுப்பது அதன் வேலை. இன்றைய கூட்டத்தில் முதல் பெயர் அடுத்த வீட்டு புஷ்பபாய். தனுவச்சபுரத்தில் ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிப் பிழைக்கிறவள். தமிழ்நாட்டுப் பக்கம் உள்ள பிறந்த வீட்டுக் கார்டில் அவள் பெயரை நீக்க மறந்துபோனார்கள், அவ்வளவுதான். அதற்காக அவளுடைய கேரளக் கார்டையே ரத்து செய்ய வேண்டும் என்று குதித்துக்கொண்டிருந்தார் இந்த மனிதர்.

"அங்க பேரை வெட்டதுக்கு அந்த அக்கா எழுதிக் குடுத்தாச்சு. விட்டிரப்பிடாதா?"

"அநியாயத்துக்குக் கூட்டு நிக்கியா? சப்ளை ஆபீசரும் வாறாரு இண்ணைக்கு. நீ லேப்டாப்பைத் துடைச்சு, கூட்டத்துல சேத்து வை. ஸ்பீடு வந்த பிறவு நான் வந்து இருக்கேன்."

ஜெஸி லேப்டாப்பைக் கூட்டத்தில் சேர்த்தாள். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சளசளவென்று பேசும் சத்தம் கேட்டது. அந்த ஒலியைக் குறைத்தாள். துணியால் கீபோர்டை அழுத்தித் துடைத்துவிட்டு, லேப்டாப்பைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாள்.

சஜு அடுத்த கம்பியைச் செருகியும் இரண்டாவது விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. எரியவில்லை.

"அவளாக்கும்!" சுந்தரதாஸ் மதிலுக்கு ஓடினார். "ஏட்டி புஷ்பபாய்! கம்பி ஒனக்க பிலாமரத்து வழியாத்தானே வருது? அறுத்துப் போட்டுட்டியா?"

துணி துவைத்துக்கொண்டிருந்த புஷ்பபாய் ஈரக் கையோடு எழுந்து நின்றாள். "நான் எதுக்கு சாரே ஒங்க கம்பியைத் தொடுதேன்? கார்டை எடுக்கப் போறீங்க. இனி களவும் எனக்க தலையிலயா?"

அவள் குரல் உடைந்தது.

சஜு வெளியே போய்ச் சோதித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"கம்பி அறுபடல்ல சாரே. இது நம்ம எக்ஸ்சேஞ்சு லைன் இல்ல. உங்க பின்னால உள்ள மெஷின் புரை வழியா வாற தமிழ்நாட்டு லைனாக்கும். ரெண்டும் ஒரே இடத்துல இருந்து வந்தாத்தான் மோடம் சேக்கும்."

மாநில எல்லை அந்த வீட்டு வளாகத்துக்குள் புகுந்துதான் போகிறது. வீடு கேரளத்தில். ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையான மெஷின் புரை தமிழ்நாட்டில்.

"அதைக் கேன்சல் செய்துட்டு, இஞ்ச ஒண்ணு புதுசா எடுங்க சாரே."

"கேன்சலா! எலே, விவரம் கெட்டுப் பேசாத!"

"கேன்சல் செய்தா என்னவாம்?" என்றாள் ஜெஸி.

"ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? தெளிவாச் சொல்லுங்க."

"மெஷின் புரையை வீடுன்னு காட்டியாக்கும் அந்த லைனை எடுத்தது. அந்த பில்லை வச்சுல்லா அங்கயும் ஒரு ரேஷன் கார்டு, ஓட்டு எல்லாம் வாங்கினேன்! லைன் போச்சுன்னா அதும் சேந்து போவும்!"

"அப்போ புஷ்பபாய் அக்கா செய்தா தப்பு. நீங்க செய்தா?"

"அவளும் நானும் ஒண்ணா?" சுந்தரதாஸ் மேஜையில் ஓங்கி அடித்தார். "அவ அரிசியை வாங்கித் தின்னுதா! நான் அந்த அரிசியில ஒரு மணி தின்னிருப்பேனா? முழுசும் கோழிக்காக்கும் போடுதேன்!"

சஜு ஏதோ சந்தேகத்தில் லேப்டாப்பை எட்டிப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது.

"சாரே... கூட்டம் தொடங்கிட்டு. மைக் ஆன்ல கிடக்கு."

"அதெப்படி? ரெண்டாவது லைன்தான் வரல்லியே!"

"படம் நிக்காம ஓடதுக்குத்தான் சாரே ரெண்டு லைன். சத்தத்துக்கு ஒண்ணு போதும்."

ஜெஸி லேப்டாப்பை நடுவே திருப்பி வைத்து ஒலியைக் கூட்டினாள்.

"தலைவரே," சப்ளை ஆபீசரின் குரல் நிதானமாக வந்தது. "இண்ணைக்கு முதல் பேரை மாத்திட்டோம். அந்த மெஷின் புரைக்க கதவு நம்பர் என்ன?"

சுந்தரதாஸின் வாய் பிளந்தது பிளந்தபடியே நின்றது. இந்த முறை நெட்டில் ஒரு கோளாறும் இல்லை.

மைக் பொத்தானை அழுத்தித் துடைத்த அந்தத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புஷ்பபாயைக் கூப்பிட மதிலுக்கு நடந்தாள் ஜெஸி.